அடைக்கலம் காத்த ஊர்

ஓர் ஊரைக் காண்பதற்கு ஏற்ற ஊர்தி யாதென வினவின், கால்களே என்போம். பேருந்தில் செல்வார்க்கு ஊர் ஒரு சன்னல் காட்சி. நடந்து செல்வார்க்கு அது திறந்து வைத்த ஏடு. இத்தாலி நாட்டின் உரோமையையும் புளோரன்சையும் காண உலகின் பல திசைகளிலிருந்தும் வருவோர், அந்நகரங்களின் கல் பாவிய தெருக்களில் காலை தொடங்கி மாலை வரை நடந்தே திரிகின்றனர். அங்குத் தெருவுக்குத் தெரு வரலாறு காத்திருக்கின்றது. அத்தகைய தெருக்கள் நம் தமிழகத்திலும் உண்டு. அவற்றைக் காணக் கடவுச்சீட்டு வேண்டா. ஒரு நாள் ஓய்வும் சங்க இலக்கியத்தில் சிறிது பயிற்சியும் இருப்பின் போதும்.

பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தோரின் முடிவு எவ்வாறாயிற்று என நோக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் பணிக்கின்றது. மொராக்கோ நாட்டில் பிறந்த இப்னு பதூதா பதினான்காம் நூற்றாண்டில் மதுரை வரை வந்து, கண்டவற்றை எழுத்தில் வைத்துச் சென்றார். அப்பெருமரபின் மிகச் சிறிய தொடர்ச்சியாக, எம் துறையின் முதுகலை மாணவ மாணவியருடன் 2025ஆம் ஆண்டுத் தைத் திங்களில் ஒரு நாள் திருக்கோவிலூரை நடந்து கண்டோம். புறநானூற்று வகுப்பில் படித்த ஒரு சொல்லின் பின்னே சென்றோம் என்பதே பொருந்தும். அச்சொல் ‘அடைக்கலம்’.

பெண்ணையின் இரு கரைகள்

திருக்கோவிலூர் எனப் பெயர்ப்பலகை தாங்கிய தொடர்வண்டி நிலையம் திருக்கோவிலூரில் இல்லை. விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில், பெண்ணையாற்றின் வடகரையிலுள்ள அரகண்டநல்லூரில் அது உள்ளது. ஆற்றைக் கடந்தால் ஊர். ஊர் மட்டுமன்று, மாவட்டமும் மாறிவிடும். வடகரை விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது; தென்கரை, 2019ஆம் ஆண்டில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆட்சி எல்லைகள் மாறினும், இரு கரையாருக்கும் சந்தையும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் பொதுவாகவே இருந்து வருகின்றன.

அரகண்டநல்லூரின் பழம்பெயர் அறையணிநல்லூர். ‘அறை’ என்பது பாறையைக் குறிக்கும் பழஞ்சொல். பெயருக்கேற்பப் பாறைக் குன்றின்மேல் கோயிலும், பாறையில் குடைந்த குடைவரையும் அங்கு உள்ளன. குடைவரையில் பாண்டவர் ஐவரும் தங்கினர் என ஊரார் கூறுவர். திருஞானசம்பந்தர் இக்குன்றில் நின்று தொலைவில் தெரிந்த அண்ணாமலையைக் கண்டு பாடினார் எனப் பெரியபுராணம் கூறும். யாம் சென்ற காலையில் பனி மூடியிருந்தமையால் அண்ணாமலை தெரியவில்லை. தென்கரையின் கோபுரம் மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது.

பாலத்தின்மீது நடக்கையில் மாணவர்களின் பேச்சு வெள்ளத்தைப் பற்றியதாயிற்று. 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின் பெருமழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.5 இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் திறந்துவிடப்பட்டது. பெண்ணையின் இரு கரையிலும் வாழ்வோர் அவ்விரவுகளை எளிதில் மறவார். யாம் சென்றபோது ஆறு தணிந்து, மணலினூடே பல கால்களாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. கரை மரங்களின் கிளைகளில் சிக்கிய வைக்கோலும் கந்தல் துணியும் வெள்ளம் நின்ற உயரத்தைக் காட்டின.

மலையமான் ஊர்

சங்க காலத்தில் இவ்வூரின் பெயர் கோவல். மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர் இது. கடையெழு வள்ளல்களுள் ஒருவன் காரி; அவன் குதிரையின் பெயரும் காரியே. கொல்லிமலைத் தலைவனாகிய ஓரியைக் கொன்று அந்நாட்டைச் சேரனுக்குக் கொடுத்தவன் அவன். பின்னர் அதியமான் நெடுமான் அஞ்சி படையெடுத்து வந்து அவனது கோவலூரை அழித்தான். அவ்வெற்றியைப் பரணர் பாடிய செய்தியை ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகின்றார். அதியமானின் பெயர் பொறித்த தமிழி எழுத்துக் கல்வெட்டு 1981ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்துச் சம்பை என்னும் ஊரின் குன்றில் கண்டறியப்பட்டது. அசோகர் கல்வெட்டுகள் கூறும் ‘சத்தியபுத்திரர்’ யாவர் என்ற நெடுநாள் ஐயத்தை அக்கல்வெட்டே தீர்த்தது. பாட்டில் வாழ்ந்த ஒருவன் கல்லிலும் வாழ்ந்திருக்கின்றான் எனக் கண்டபோது தமிழறிஞர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

கடைத்தெருவில் தேநீர் அருந்தினோம். “வாங்க பாய், பிள்ளைங்களையெல்லாம் எங்கே கூட்டிட்டுப் போறீங்க?” எனக் கடைக்காரர் வினவினார். காரியின் ஊரைக் காட்ட வந்தோம் என்றோம். “காரியா? அவரு ராஜாவாச்சே!” என்று, பக்கத்துத் தெருவில் நேற்று வரை வாழ்ந்த ஒருவரைப் போல் அவர் கூறியது மாணவர்களுக்கு வியப்பளித்தது.

காரியின் மக்களைப் பற்றிய பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. பகை காரணமாகச் சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சிறுவர்களைப் பற்றிக் கொணர்ந்து யானைக்காலில் இடத் துணிந்தான். சிறுவர்களோ யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து நின்றனர்; யானையைவிட, மன்றத்தில் கூடியிருந்த முன்பின் அறியாத முகங்களே அவர்களுக்கு அச்சம் தந்தன. அவ்விடத்தில் கோவூர்கிழார் எழுந்து, புலவரைப் புரந்தவரின் மரபில் வந்தோர் இவர் என எடுத்துரைத்து அச்சிறாரைக் காத்தார். அவரிடம் படையில்லை; பதவியில்லை; சொல் ஒன்றே இருந்தது. தமிழ் படித்தலால் என்ன பயன் எனக் கேட்போர்க்கு யாம் முதலில் சொல்வது இப்பாட்டையே.

இடைகழி

மேலூரில் உள்ள உலகளந்த பெருமாள் கோயிலின் கோபுரம் ஊரின் எத்திசையிலிருந்து நோக்கினும் தெரிவது. இது வைணவத் திருப்பதிகள் நூற்றெட்டனுள் ஒன்று. பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய முதலாழ்வார் மூவரும் ஒருவரையொருவர் சந்தித்த இடமாக இவ்வூரை வைணவ மரபு போற்றுகின்றது. மழையிரவில் ஒரு சிறு இடைகழியில் ஒருவர் ஒதுங்கிப் படுத்திருந்தார். மற்றொருவர் வந்து இடம் கேட்க, இருவரும் அமர்ந்தனர். மூன்றாமவர் வந்தபோது மூவரும் எழுந்து நின்றனர். அந்நெருக்கத்தில் நான்காமவராக இறைவனே வந்து நெருக்கினான் என்பது வரலாறு. மூன்று திருவந்தாதிகள் அவ்விரவின் பேறாகக் கிடைத்தன.

கொடிமரத்திற்கு அப்பால் செல்லாது, கோயில் மரபை மதித்து வெளியில் நின்றே கோபுரத்தைக் கண்டோம். மாணவர் ஒருவர், “ஐயா, இடம் போதாதெனக் கதவை அடைக்காமல் எழுந்து நின்றார்களே, அதுதான் இதில் பெரிது” என்றார். சபையில் இடமளிக்குமாறு சொல்லப்பட்டால் இடமளியுங்கள் எனத் திருமறை பணிப்பதை அவர் நினைவு கூர்ந்தார். மக்காவிலிருந்து வீடிழந்து வந்த முஹாஜிர்களுக்கு மதீனாவின் அன்சாரிகள் தம் வீட்டையும் தோட்டத்தையும் பகிர்ந்தளித்ததையும் யாம் எண்ணிக்கொண்டோம்.

லுஹர் தொழுகையை ஊரிலுள்ள பள்ளிவாசலில் நிறைவேற்றி, உணவுண்டு, கீழையூர் நோக்கி நடந்தோம்.

பகைவனுக்கும் காவல்

வழி நெடுகிலும் மெய்ப்பொருள் நாயனாரைப் பற்றிப் பேசிச் சென்றோம். திருக்கோவலூரை ஆண்ட சேதி நாட்டு மன்னர் அவர். போரில் அவரை வெல்ல இயலாத முத்தநாதன் அடியார் வேடம் பூண்டு, ஏட்டுச் சுவடிக்குள் வாளை மறைத்து வந்து குத்தினான். வாயிற்காவலனாகிய தத்தன் பகைவனைக் கொல்லப் பாய்ந்தபோது, வீழ்ந்து கிடந்த மன்னர் அவனைத் தடுத்தார். அவ்வேடம் தரித்தவர் நம்மவர் என்றார். ஊராரால் அவனுக்கு இடர் நேராதவாறு எல்லை கடத்தி விடப் பணித்தார். பகைவன் நலமே ஊரெல்லை கடந்தான் என்ற செய்தியைத் தத்தன் வந்து சொல்லும் வரை மன்னர் உயிர் தாங்கியிருந்தார் என்கிறது பெரியபுராணம்.

இக்கதையைக் கேட்ட மாணவியொருவர் ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் இறுதி நாள்களை நினைவூட்டினார். ஹிஜ்ரி 40, கி.பி. 661ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில், கூஃபா நகரப் பள்ளிவாசலில் இப்னு முல்ஜம் என்பவன் நஞ்சு தோய்ந்த வாளால் அவர்களை வெட்டினான். பிடிபட்ட அவனுக்கு உணவளிக்குமாறும், துன்புறுத்தாதிருக்குமாறும், தாம் இறக்க நேரின் ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டு என்னும் அளவைக் கடக்கலாகாது என்றும் அப்பெருந்தகை தம் மக்களுக்கு அறிவுறுத்தியதை வரலாற்று நூல்கள் கூறும். மெய்ப்பொருளார் தம்மைக் கொன்றவனை மன்னித்து அனுப்பினார். அலீ (ரலி) அவர்கள் நீதியின் எல்லை மீறாது காத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், கையில் அகப்பட்ட பகைவனின் உயிரும் தம் பொறுப்பில் உள்ளதே என்னும் உணர்வு இரண்டிலும் நின்று ஒளிர்கின்றது.

கல்லில் நின்ற சொல்

கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் பெண்ணையின் கரையில் உள்ளது. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. அந்தகாசுரனைச் சிவபெருமான் அழித்த தலம் என்பர். எம்மை அங்கு ஈர்த்தது முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று. இராசராசன் ஆண்ட காலம் கி.பி. 985 முதல் 1014 வரை. அவன் தாய் வானவன்மாதேவி மலையமான் குடியில் பிறந்தவர். தாய்வழி உறவால் சோழப் பேரரசு இவ்வூரைத் தன் ஊராகவே கருதியது போலும்.

கோயில் வாயிலை அடைந்தபோது மாணவர் ஒருவர் தயங்கி நின்றார். “ஐயா, எங்கள் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், ‘கோயில் ஊரில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை?’ என்று கேட்டார். நான் என்ன சொல்வது?” என்றார். பெரியவரின் வினா தவறானதன்று. பிள்ளைகள்மீது கொண்ட அக்கறையால் எழுவது. அதனை ஒதுக்கிவிட்டு உள்ளே செல்ல எமக்கு மனம் வரவில்லை. வாயிலின் எதிரே மர நிழலில் அமர்ந்து, கையில் கொண்டு சென்றிருந்த கல்வெட்டுப் படியை அங்கேயே படித்தோம்.

கபிலர் தம் நண்பன் பாரியின் மகளை மலையனுக்கு மணம் முடித்து வைத்தார் என்றும், பின்னர்ப் பெண்ணையாற்றின் நடுவிலுள்ள கல்லில் தீப்புகுந்தார் என்றும், அக்கல் கபிலக்கல் எனப் பெயர் பெற்றது என்றும் அக்கல்வெட்டு கூறுகின்றது. பாரியின் மகளைக் குறிக்குமிடத்தில் கல்வெட்டு வழங்கும் சொல்லே ‘அடைக்கலம்’.

பறம்புமலையை மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்ற பின்னர், அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் புறப்பட்டார். பறம்பு இன்று சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை; அதன் உச்சியில் இன்று ஒரு தர்காவும் உண்டு. அங்கிருந்து கோவலூர், நேர்கோட்டில் அளப்பினும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். விச்சிக்கோனிடம் சென்று மகளிரை ஏற்குமாறு வேண்டினார், அவன் ஏற்கவில்லை. இருங்கோவேளிடம் சென்றார், அவனும் ஏற்கவில்லை. அரசவைகளில் தலைநிமிர்ந்து பாடிய புலவர், பிறர் பெற்ற பெண்களுக்காக வாயில் வாயிலாக நின்றார். கபிலர் அந்தணர், பாரி வேளிர் குலத்தான். குலத்தால் அவ்விருவரும் ஒருவரல்லர். இறந்துபோன நண்பன் கேட்கப் போவதுமில்லை. எனினும் ஒப்படைக்கப்பட்டதை உரிய இடத்தில் சேர்க்கும் வரை அவர் ஓயவில்லை.

இதனையன்றோ நாம் அமானிதம் என்கின்றோம்! அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு இறைவன் கட்டளையிடுவதாகத் திருக்குர்ஆன் கூறுகின்றது. கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து புறப்பட்ட வேளையில், அவர்களிடம் மக்கத்தார் ஒப்படைத்திருந்த பொருள்கள் இருந்தன. அவர்களைக் கொல்லச் சூழ்ச்சி செய்த ஊரே, தன் பொருளுக்கு அவர்களைக் காட்டிலும் நம்பிக்கையானவர் இல்லை எனக் கருதியிருந்தது. அப்பொருள்களை உரியோரிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்திவிட்டே நாயகம் (ஸல்) அவர்கள் சென்றார்கள். உயிருக்கு இடரான வேளையிலும் அமானிதம் மறக்கப்படவில்லை.

கேள்வி கேட்ட மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “பெரியவரிடம் இந்தக் கல்வெட்டைப் படித்துக் காட்டுகிறேன் ஐயா” என்றார். அதைவிடச் சிறந்த விடை எம்மிடமும் இல்லை.

கபிலக்கல்

வெயில் தாழ்ந்தபின் ஆற்றங்கரைக்குச் சென்றோம். ஆற்றின் நடுவே பெரும்பாறை ஒன்று தனித்து நிற்கின்றது. அதன் உச்சியில் சிறு கோயில் போன்றதொரு கட்டடம் உண்டு. இதுவே கபிலர் குன்று எனப்படுவது. ஆற்றில் நீர் ஓடிக்கொண்டிருந்தமையால் கரையில் நின்றே கண்டோம். அண்மைக் காலத்துப் பெருவெள்ளம் உட்பட எத்தனையோ வெள்ளங்களைக் கண்டும் பெயராது நிற்கின்றது அப்பாறை.

கபிலரின் முடிவு குறித்து நூலும் கல்லும் ஒருபடியாகக் கூறவில்லை. மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்து வடக்கிருந்தார் எனப் புறநானூற்றுக் குறிப்பு கூறும். மலையனுக்கு மணம் செய்வித்துத் தீப்புகுந்தார் எனக் கல்வெட்டு கூறும். ஔவையாரே அங்கவை, சங்கவை என்னும் அம்மகளிரின் திருமணத்தை இவ்வூரில் நடத்தி வைத்தார் என்பது பிற்கால வழக்கு. உண்ணாநோன்பும் தீயும் சிலப்பதிகாரத்திலும் அடைக்கலத்தோடு இணைந்து வருதல் நோக்கத்தக்கது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தார். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு மாதரி தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். மாதரி அடைக்கலத்தை இழந்தமையால் தீயை நாடினாள். கபிலரோ அதனைக் காத்து முடித்தபின் சென்றார். உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளுதல் எம் மார்க்கம் விலக்கிய செயல். அவ்வழக்கு அக்காலத்தோடு போகட்டும். அதற்கு முன் கபிலர் நடந்த நெடுவழியே நமக்கு உரியது.

அவ்வேளையில் மாணவியொருவர் கேட்ட வினா எம்மை நிறுத்தியது. “அடைக்கலம் என்கிறது கல்வெட்டு, பாரியின் மகள் என்கிறது. அவள் பெயர் இல்லையே ஐயா? இவரை மணக்கச் சம்மதமா என்று அவளை யாரேனும் கேட்டார்களா? நிக்காஹ்வில் பெண்ணின் சம்மதம் வேண்டுமே!” என்றார். கரையில் சிறிது நேரம் அமைதி நிலவியது. புறநானூற்றிலும் அவர்கள் ‘பாரி மகளிர்’ என்றே வழங்கப்படுகின்றனர். சென்ற திங்கள் நிலவில் தந்தை இருந்தான், குன்று இருந்தது. இத்திங்கள் நிலவில் இரண்டும் இல்லை என அவர்கள் பாடிய ஒரு சிறு பாட்டு மட்டுமே அவர்களின் குரலாக எஞ்சியுள்ளது. அதன்பின் அவர்களுக்காகப் பிறரே பேசினர். கபிலரின் பெருமையைக் குறைக்காமலே இவ்வினாவைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு வாயில்லை. ஒப்படைக்கப்பட்ட மனிதருக்கு வாயுண்டு. அவர்தம் சொல்லைக் கேட்பதும் அடைக்கலம் காப்பதன் ஒரு பகுதியே. வகுப்பில் பல ஆண்டுகள் இப்பாடல்களை நடத்திய எமக்கு இவ்விளக்கத்தைத் தந்தது அம்மாணவியின் வினா.

பாதுகாப்பும் பொறுப்பும்

அஸர் தொழுகையை ஆற்றங்கரையில் நிறைவேற்றிப் பாலத்தின் வழியே நிலையம் நோக்கி நடந்தோம். அன்றைய நடை முழுவதிலும் எம்மோடு வந்த எண்ணம் ஒன்றே. கோவூர்கிழார் காத்த சிறுவர், மூவர்க்கும் இடமளித்த இடைகழி, மெய்ப்பொருளார் எல்லை கடத்திய பகைவன், கபிலர் கைப்பிடித்து அழைத்து வந்த மகளிர் என இவ்வூரின் பழங்கதைகள் யாவும், வலியற்ற ஒருவர் மற்றொருவரின் பொறுப்பில் வந்து நிற்கும் வேளையைப் பற்றியனவே. இவற்றுள் சில சங்கப் பாட்டு, சில சைவம், சில வைணவம். யாவும் தமிழ், ஆதலின் யாவும் நமக்கும் உரியன.

இத்தகைய கல்வெட்டுகள் நம் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் உள்ளன. மதுரை கோரிப்பாளையம் தர்காவின் கல்வெட்டு, முன்னாளில் பாண்டியன் காலத்தில் அளிக்கப்பெற்ற நிலங்களின் உரிமையை வீரப்ப நாயக்கர் 1573ஆம் ஆண்டில் உறுதி செய்ததைத் தமிழில் கூறுகின்றது. முன்னவர் தந்த வாக்கைச் சமயம் வேறான பின்னவர் காத்த சான்று அது. அதுவும் அடைக்கலமே.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊரிலும் ஒரு பழங்கல் இருக்கும். கோயில் சுவரிலோ, பள்ளிவாசல் தூணிலோ, ஏரிக்கரை மதகிலோ அது நின்றுகொண்டிருக்கும். சுண்ணாம்பு பூசியும், வண்ணம் அடித்தும், திருப்பணி என்னும் பெயரால் பெயர்த்தெறிந்தும் நாம் இழந்த கல்வெட்டுகள் பல. விடுமுறை நாளில் இரு நண்பருடன் நடந்து சென்று உங்கள் ஊர்க் கல்லைக் காணுங்கள். எழுத்துத் தெரிந்தாரை அழைத்துச் சென்று படியுங்கள். படித்ததை ஊர்ப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். முன்னோர் எழுதி வைத்த கல் நம்மிடம் விடப்பட்ட அமானிதம். அடுத்து வருவாரிடம் அதனைச் சிதையாமல் ஒப்படைத்தல் நம் கடன்.